பங்கு விலை விழுந்தால் ஷோர்ட் விற்பவனா காரணம்?

வாவிக்கரை (கல்லடி)

காத்தான்குடி, கல்முனை, நிந்தவூர்ப் பக்கத்து வட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. கட்டாரிலும் சவுதியிலும் வேலை செய்யும் எங்கள் ஆட்கள் பலர் வாங்கி வைத்திருக்கும் ஓர் அமெரிக்கச் சில்லறைப் பங்கு, அதாவது சத விலைக்குப் போகும் பங்கு, பற்றியது. கொம்பனியின் பெயரை எழுதவில்லை, வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். தங்கம் தோண்டப் போகிறோம் என்று சொல்லும் கொம்பனி. இதுவரை தங்கம் விற்று ஒரு சதம் வந்ததாக அவர்களுடைய அறிக்கையிலேயே இல்லை. விலை மாதக் கணக்காகச் சரிந்து வருகிறது.

பதிவில் பேசுபவர் சொல்வது இதுதான்: கொம்பனியில் பிழை இல்லை, நியூயோர்க்கில் ஷோர்ட் விற்பவர்கள் கூட்டுச் சேர்ந்து விலையை அடிக்கிறார்கள், ஒருவரும் விற்க வேண்டாம், முடிந்தவர்கள் இன்னும் வாங்குங்கள், அவர்களை நெரித்துவிடலாம்.

அந்த "இன்னும் வாங்குங்கள்" என்ற சொல்தான் எனக்குப் பொறுக்கவில்லை. வெயிலில் நின்று உழைத்த சம்பளம் அது.

ஷோர்ட் தெரியாதவர்களுக்கு: கார்த்திகை மார்கழியில் நெல் விலை ஏறி நிற்கும். ஒருவர் போடியாரிடம் பத்து மூட்டை கைமாற்றாக வாங்கி அன்றைய விலைக்கு விற்கிறார். மாசி பங்குனியில் வட்டையெல்லாம் வெட்டி நெல் மலியும்போது பத்து மூட்டை வாங்கித் திருப்பிக் கொடுக்கிறார். இடையில் உள்ள வித்தியாசம் அவருக்கு. வெள்ளம் வந்து வெள்ளாமை அழிந்து விலை இரண்டு மடங்கானால் நட்டமும் அவருக்குத்தான், ஏனென்றால் நெல்லாகவே திருப்பிக் கொடுக்க வேண்டும். பங்கிலும் இதுதான் நடக்கிறது.

இதில் புரமோட்டருக்கு, அதாவது பங்கைப் புகழ்ந்து பேசி மற்றவரை வாங்க வைப்பவருக்கு, ஏன் இவ்வளவு கோபம்? விற்க ஒரு பொருளும் இல்லாத கொம்பனிக்குப் பங்குதான் பொருள். ஆலோசகருக்குக் கூலி பங்காகக் கொடுக்கிறது, பங்கைக் காட்டிக் கடன் வாங்குகிறது, அடுத்த வருடச் செலவுக்குப் புதுப் பங்கு வெளியிட்டு விற்கிறது. விலை நிற்கும் வரைதான் இதெல்லாம் ஓடும். சந்தையில் ஏறக்குறைய எல்லோருக்கும் விலை ஏறினால் நன்மை. கணக்கறிக்கையின் அடிக்குறிப்பைச் சந்தேகத்தோடு வாசிப்பதற்குக் காசு கிடைப்பது ஷோர்ட் விற்பவனுக்கு மட்டும்தான். அந்த வாசிப்பைத்தான் அவர்கள் வெறுக்கிறார்கள்.

நிந்தவூரான்

நானும் அந்தப் பங்கு வைத்திருக்கிறேன். தோஹாவில் இருந்தபோது வாங்கியது. வாவிக்கரைக் கணக்காளர் சேருக்கு மரியாதையோடு சொல்கிறேன், நீங்கள் ஷோர்ட் விற்பவனை ஒடிட்டர் மாதிரிக் காட்டுகிறீர்கள். அவன் ஒடிட்டர் அல்ல. முதலில் விற்றுவிட்டு மறுகாதான் வாய் திறக்கிறான். விலை விழ வேண்டும் என்ற ஆசையோடு எழுதுகிறவன் எழுதியதை எப்படி நம்புவது?

அதைவிடப் பெரிய விஷயம், கைமாற்று வாங்காமலே விற்பது. உங்கள் நெல் கணக்கில் பத்து மூட்டை உண்மையாக இருக்கிறது. இவர்கள் இல்லாத நெல்லை விற்கிறார்கள். அமெரிக்காவில் இது நடக்கவில்லை என்றால் 2005இல் ஏன் இதற்கென்று தனி ஒழுங்குவிதி கொண்டுவந்தார்கள்? 2021 ஜனவரியில் கேம்ஸ்டொப் என்ற அமெரிக்க வீடியோ விளையாட்டுக் கடைக் கொம்பனியின் பங்கில், வெளியில் புழங்கும் பங்குகளை விட அதிகமாக ஷோர்ட் விற்கப்பட்டிருந்தது. இது உலகத்துக்கே தெரியும்.

மார்க்கத்திலும் தெளிவாக இருக்கிறது: உன்னிடம் இல்லாததை விற்காதே. இதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவையில்லை.

களுதாவளைப் பிள்ளை

வந்தாறுமூலையில் நிதி முகாமைத்துவம் படிக்கிறேன். காக்கா, மார்க்கத்தைப் பற்றி நான் பேச மாட்டேன், எனக்கு அந்த அறிவு இல்லை. ஆனால் "நியூயோர்க்கில் கூட்டுச் சேர்ந்து இந்தப் பங்கை அடிக்கிறார்கள்" என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அமெரிக்கத் தரகர்களுக்கான விதியில், 5 டொலருக்குக் குறைந்த பங்கை ஷோர்ட் விற்றால் ஒரு பங்குக்கு 2.50 டொலர் அல்லது அன்றைய பெறுமதி, இதில் எது கூடவோ அதைப் பிணையாகக் கட்டி வைக்க வேண்டும். உங்கள் பங்கு சத விலையில் போகிறது. 10 சதம் என்றே வைப்போம். ஒரு இலட்சம் பங்கு ஷோர்ட் விற்றால் கையில் வருவது 10,000 டொலர். கொம்பனி முழுதாக அழிந்தாலும் அதற்கு மேல் இலாபம் இல்லை. அந்த 10,000க்காக 250,000 டொலரை முடக்கி வைக்க வேண்டும். அதோடு கைமாற்று வட்டி. விலை ஒரு நாளில் மூன்று மடங்கானால் 20,000 நட்டம். இவ்வளவு காசு உள்ளவன் ஏன் இந்தப் பங்கைத் தேடி வருகிறான்? இவ்வகைப் பங்குகளைக் கைமாற்றுக் கொடுக்கும் தரகரைக் கண்டுபிடிப்பதே கஷ்டம்.

பதிவோடு சேர்த்து ஒரு படமும் அனுப்புகிறார்கள், "இன்றைய விற்பனையில் பாதிக்கு மேல் ஷோர்ட்" என்று. அது அன்றைய ஷோர்ட் விற்பனை அளவு. நீங்கள் வாங்கக் கேட்கும்போது சந்தைத் தரகர் முதலில் விற்றுவிட்டு அதே நாளில் வேறொருவரிடம் வாங்கி ஈடு செய்தாலும் அதில் ஷோர்ட் என்றுதான் பதிவாகும். முடிக்கப்படாமல் நிற்கும் ஷோர்ட் எவ்வளவு என்பது வேறு எண், மாதம் இருமுறை வெளியாகிறது, இலவசமாகப் பார்க்கலாம். குழுவில் அந்த எண்ணை யாராவது போட்டிருக்கிறார்களா?

பட்டிருப்பு மாஸ்டர்

வர்த்தகம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். மகள், உன் கணக்குச் சரி. ஆனால் அது சத விலைப் பங்குக்கு மட்டும்தான் பொருந்தும். பெரிய பங்குகளில் ஷோர்ட் விற்பவன் பொய்யும் சொல்வான் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது.

ஃபார்ம்லாண்ட் பார்ட்னர்ஸ் என்று ஒரு அமெரிக்கக் கொம்பனி. வயல் நிலங்களை வாங்கி விவசாயிகளுக்குக் குத்தகைக்குக் கொடுப்பது அதன் தொழில். 2018 ஜூலையில் ஒருவர் புனைபெயரில் இணையத்தில் எழுதினார், கொம்பனி வங்குரோத்தாகும் ஆபத்தில் இருக்கிறது என்று. ஒரே நாளில் விலை 39% அளவில் விழுந்தது. எழுதியவர் முன்னரே விலை விழுந்தால் இலாபம் வரும்படி நிலை எடுத்திருந்தார். கொம்பனி நீதிமன்றம் போனது. 2021இல் அவரே முக்கியமான குற்றச்சாட்டுகள் தவறு என்று ஒப்புக்கொண்டார். அந்த ஒரு நாளில் பயந்து விற்ற ஓய்வூதியக்காரனுக்கு யார் திருப்பிக் கொடுத்தது?

வாவிக்கரைத் தம்பி "வாசிப்புக்குக் கூலி" என்கிறார். தீ வைத்துவிட்டு "தீ" என்று கத்துகிறவனும் அதே கூலியைத்தான் வாங்குகிறான். இரண்டையும் பிரிக்காமல் ஷோர்ட் விற்பவனைப் புகழ்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அப்புறம், அடுத்தவன் நட்டத்தில் இலாபம் எடுக்கும் தொழில் ஒன்று எனக்கு அடிப்படையிலேயே உவப்பில்லை.

வாவிக்கரை

மாஸ்டர், ஃபார்ம்லாண்ட் விஷயம் உண்மை. அப்படிப் பொய் எழுதுகிறவனைச் சிறையில் போட்டாலும் எனக்குச் சம்மதம். ஆனால் அந்தக் கொம்பனி என்ன செய்தது என்று பாருங்கள். நிலம் இருந்தது, குத்தகை வந்தது, கணக்குக் காட்டியது, வழக்கில் நின்றது. கொம்பனி இன்றும் இருக்கிறது. காட்டுவதற்குக் கணக்கு உள்ளவன் அதைக் காட்டிவிடுவான்.

மற்றப் பக்கத்துக்கு வயர்கார்ட் போதும். ஜேர்மனியின் பணப் பரிமாற்றக் கொம்பனி. 2018இல் அந்த நாட்டின் முதல் 30 கொம்பனிகளின் குறியீட்டில் சேர்ந்தது. லண்டன் ஃபினான்ஷியல் டைம்ஸ் பத்திரிகையும் சில ஷோர்ட் விற்பவர்களும் கணக்கு இடிக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நாட்டின் மேற்பார்வை அமைப்பு என்ன செய்தது? 2019 பெப்ரவரியில் அந்த ஒரு கொம்பனியின் பங்கை ஷோர்ட் விற்க இரண்டு மாதத் தடை போட்டது. எழுதிய பத்திரிகையாளர்கள் மேலேயே குற்றமுறைப்பாடு செய்தது. நிர்வாகம் சொன்ன கதையும் இந்தக் குரல் பதிவில் கேட்கும் அதே கதைதான்: வெளிநாட்டுச் சூதாடிகள் எங்களைத் தாக்குகிறார்கள்.

2020 ஜூனில் 1.9 பில்லியன் யூரோவைக் காணவில்லை. பிலிப்பைன்ஸ் வங்கிகளில் இருப்பதாகச் சொன்ன காசு, அந்த வங்கிகளோ தங்களிடம் அப்படிக் கணக்கே இல்லை என்றன. 100 யூரோவுக்கு மேல் நின்ற பங்கு சில நாட்களில் ஒற்றை இலக்கத்துக்கு வந்தது. ஜூன் 25இல் வங்குரோத்து மனு. தடை போட்ட நேரத்தில் "அரசே எங்கள் பக்கம்" என்று நம்பி வாங்கிய சாதாரண ஜேர்மன்காரன்தான் அழுதான். ஷோர்ட் விற்பவனின் வாயைக் கட்டியதால் அவனுக்குக் கிடைத்தது, இன்னும் கொஞ்ச நாள் ஏமாறுவதற்கான கால அவகாசம்.

இது புதிதும் இல்லை. 1609இல் ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கொம்பனியின் பங்கை ஐசக் லெ மெய்ர் என்ற வணிகர் கூட்டத்தோடு ஷோர்ட் விற்றார். பணிப்பாளர்கள் அரசிடம் போய், விதவைகளும் அநாதைகளும் பாதிக்கப்படுகிறார்கள் என்று முறையிட்டார்கள். 1610இல் தடை வந்தது. லெ மெய்ர் யோக்கியர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முறைப்பாட்டின் வாசகத்தைக் கவனியுங்கள். பணிப்பாளருக்கு வலிக்கும்போது பேச்சில் வருவது விதவைகளும் அநாதைகளும்.

(பிற்காலத்தில் மட்டக்களப்புக் கோட்டையை வைத்திருந்ததும் இதே கொம்பனிதான்.)

நிந்தவூரான்

வயர்கார்ட் ஒன்றைக் காட்டி எல்லாக் கொம்பனியையும் கள்ளனாக்குவது நியாயமா? இந்தியாவின் அதானி குழும விஷயத்தைப் பாருங்கள். 2023 ஜனவரியில் ஹிண்டன்பேர்க் என்ற அமெரிக்க ஷோர்ட் விற்பனை நிறுவனத்தின் அறிக்கை வந்தது, 100 பில்லியன் டொலருக்கு மேல் பெறுமதி போனது, 20,000 கோடி ரூபா பங்கு வெளியீட்டையே திருப்பி எடுத்தார்கள். மறுகா 2025 செப்டெம்பரில் இந்திய மேற்பார்வை அமைப்பு அந்தக் குற்றச்சாட்டுகளில் சிலவற்றுக்கு ஆதாரமில்லை என்று தீர்ப்புச் சொன்னது. பயத்தில் விற்றவன் நட்டப்பட்டான், ஹிண்டன்பேர்க் காசு பார்த்தது.

2008இலும் அப்படித்தான். வங்கிகளைச் சாய்க்கிறார்கள் என்று அமெரிக்காவே 799 நிதி நிறுவனப் பங்குகளை ஷோர்ட் விற்கத் தடை போட்டது. அந்த நாடும் புரமோட்டரா?

களுதாவளைப் பிள்ளை

799 சரி, செப்டெம்பர் 19இல். அந்தத் தடை ஒக்டோபர் 8 வரை இருந்தது. அந்த நாட்களிலும் வங்கிப் பங்குகள் விழுந்துகொண்டுதான் இருந்தன. தடை போட்ட அமைப்பின் தலைவர் கிறிஸ்டோபர் கொக்ஸே அந்த வருட இறுதியில், அதன் செலவு பயனை விடக் கூடுதலாகத் தெரிகிறது என்ற கருத்தைச் சொன்னார்.

அதானி விஷயத்தில் காக்கா சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஷோர்ட் விற்பவர் சொன்னதெல்லாம் நிரூபணமாகாது. ஆனால் நீங்களே பாருங்கள், அங்கே துறைமுகம் ஓடியது, மின்சாரம் உற்பத்தியானது, விலை மீள ஒரு அடித்தளம் இருந்தது. உங்கள் பங்குக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

ஒவன் லமொண்ட் என்ற பொருளியலாளர் இதை ஆராய்ந்திருக்கிறார். ஷோர்ட் விற்பவர்களோடு வெளிப்படையாகச் சண்டை போட்ட இருநூறுக்கும் மேற்பட்ட கொம்பனிகள், 1977 முதல் 2002 வரை. வழக்குப் போட்டவை, சதி என்று அறிக்கை விட்டவை, "பங்கைக் கைமாற்றுக் கொடுக்காதீர்கள்" என்று பங்குதாரரைக் கேட்டவை. சண்டை தொடங்கிய அடுத்த வருடத்தில் அவை சந்தையை விட மாதத்துக்குச் சுமார் 2% மோசமாகப் போயின. சராசரியாகப் பார்த்தால் ஷோர்ட் விற்றவர் பக்கம்தான் உண்மை இருந்திருக்கிறது.

சந்தை மூலை (அக்கரைப்பற்று)

நான் முன்பு கொழும்பில் ஒரு தரகு நிறுவனத்தில் முதலீட்டு ஆலோசகராக வேலை செய்தவன். இங்கே எல்லோரும் அமெரிக்கா, ஜேர்மனி என்று போய்விட்டீர்கள். நம்முடைய கதையைச் சொல்கிறேன்.

யுத்தம் முடிந்த 2009இல் கொழும்புப் பங்குச் சந்தையின் விலைச் சுட்டி 125% ஏறியது. 2010இல் இன்னொரு 96%. மட்டக்களப்பிலிருந்தும் கல்முனையிலிருந்தும் ஆட்கள் முதல் தடவையாக சீடிஎஸ் கணக்கு, அதாவது பங்கு வைத்திருப்பதற்கான கணக்கு, திறந்தது அந்தக் காலத்தில்தான். நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கியவர்களை எனக்குத் தெரியும். சிறு கொம்பனிகள், வருடக் கணக்காக இலாபம் காணாதவை, பத்து மடங்கு, இருபது மடங்கு ஏறின. காலையில் ஒரு வதந்தி, மதியம் விலை ஏற்றம், மாலையில் பெரிய ஆட்கள் விற்று வெளியே. 2011 பெப்ரவரியில் சுட்டி 7,800ஐத் தாண்டியது. அடுத்த வருடம் 5,000க்குக் கீழே.

அப்போது கொழும்பில் ஷோர்ட் விற்பனை நடைமுறையில் இல்லை. இதை நன்றாக யோசியுங்கள். திட்டுவதற்கு ஒரு ஷோர்ட்காரனும் இல்லாத சந்தை அது. விலை விழாமல் இருந்ததா? அடகு வைத்தவனின் நகை திரும்பி வந்ததா?

அப்போதும் புரமோட்டர்களுக்கு ஒரு எதிரி தேவைப்பட்டது. பங்குச் சந்தையை மேற்பார்வை செய்யும் பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழுவைப் பிடித்தார்கள். கடனில் பங்கு வாங்குவதைக் கட்டுப்படுத்தியதும், விலையை ஏற்றி இறக்கியவர்களை விசாரித்ததும் சந்தையைக் கொல்லுகிறதாம். தலைவி இந்திராணி சுகததாச 2011 டிசம்பரில் பதவி விலகினார். அடுத்து வந்த திலக் கருணாரத்ன 2012 ஓகஸ்டில் விலகினார், சந்தையில் ஒரு மாஃபியா இருப்பதாக வெளிப்படையாகவே பேசினார். பொய் விலையைப் பொய் என்று சொல்ல யார் வந்தாலும் இதே கோபம்தான் வரும். அது ஷோர்ட் விற்பவனாக இருக்க வேண்டும் என்றில்லை.

எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது. அந்தப் பங்குகள் உச்சத்தில் நின்றபோது "இது பெறாது" என்று எழுதினால் யாருக்கும் ஐந்து சதம் கிடைக்காது, எதிரிகள் மட்டும் கிடைப்பார்கள். அதனால் தெரிந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு முதலில் விற்றார்கள். தெரியாதவர்கள் வாங்கினார்கள்.

சம்மாந்துறை ஆசிரியை

நிந்தவூர்க் காக்காவுக்கு ஒரு வார்த்தை. உன்னிடம் இல்லாததை விற்காதே என்ற ஹதீஸை நானும் ஏற்கிறேன். ஷோர்ட் விற்பனை கூடாது என்பதுதான் பெரும்பாலான அறிஞர்களின் நிலைப்பாடு. நான் அதைச் செய்ய மாட்டேன், யாருக்கும் செய்யச் சொல்லவும் மாட்டேன்.

ஆனால் அதே வியாபாரப் பாடத்தில் நஜ்ஷும் இருக்கிறது. வாங்கும் எண்ணம் இல்லாமல் விலையை ஏற்றிவிட்டு அடுத்தவரை வாங்கத் தூண்டுவது. அதையும் நபியவர்கள் தடுத்தார்கள். தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே நனைந்திருப்பதைக் கண்டு, மேலே தெரியும்படி ஏன் வைக்கவில்லை என்று கேட்டதும், ஏமாற்றுகிறவன் நம்மைச் சார்ந்தவன் அல்ல என்று சொன்னதும் நாம் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற ஹதீஸ். குரல் பதிவில் பேசுகிறவர் முதல் ஹதீஸை மட்டும் எடுத்து ஓதுகிறார். அவருக்கு இந்தப் பங்கு என்ன விலைக்குக் கிடைத்தது? விளம்பரத்துக்குக் கூலியாகப் பங்கு வாங்கினாரா? தான் விற்கவில்லை என்று சத்தியம் செய்வாரா? குவியலுக்குள் கையை விட அவர் நம்மை விடுவாரா?

மார்க்கத்தைக் கேடயமாகப் பிடிப்பவரிடம் மார்க்கத்தின்படியே கேட்க வேண்டும். எங்கள் தெருவில் கணவன் சவுதியில் இருக்கும் பெண்கள் இந்தப் பங்குக்காகச் சீட்டுக் காசை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு இது விவாதம் இல்லை, வயிற்றெரிச்சல்.

பட்டிருப்பு மாஸ்டர்

ஆசிரியை சொன்னது நெஞ்சில் பட்டது. நான் புரமோட்டரைக் காப்பாற்ற வரவில்லை. என் ஐயம் வேறு. சந்தை மூலைத் தம்பி கொழும்பை உதாரணம் காட்டினார். அதே கொழும்பில் ஷோர்ட் விற்பனையை நன்றாகத் திறந்துவிட்டால் யார் பயன்படுத்துவார்? 2011இல் ஏற்றி விற்ற அதே ஆட்கள் அடுத்து இறக்கி வாங்குவார்கள். சில பங்குகளில் ஒரு நாளைக்கு நடக்கும் வியாபாரம் மிகச் சொற்பம். ஒரு பணக்காரன் ஒரு காலையில் தரைமட்டமாக்கிவிடுவான். உண்மை சொல்லிச் சம்பாதிக்கும் ஷோர்ட்காரன் வருவதற்கு, பொய் சொன்னால் தண்டிக்கும் நீதிமன்றம் முதலில் வேண்டும். ஃபார்ம்லாண்ட் கொம்பனிக்கே மூன்று வருடம் எடுத்தது. நம் நாட்டில் எத்தனை வருடம் எடுக்கும்?

சந்தை மூலை

இதில் மாஸ்டரோடு எனக்குச் சண்டை இல்லை. 2021இல் பிணையங்கள் சட்டம் புதிதாக வந்தது, ஆனால் சட்டம் புத்தகத்தில் இருப்பது வேறு, ஆளைப் பிடிப்பது வேறு. பங்கை உண்மையாகக் கைமாற்று வாங்கியிருக்க வேண்டும், எவ்வளவு ஷோர்ட் நிற்கிறது என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும், வியாபாரம் நிறைய நடக்கும் பங்குகளில் மட்டும்தான் விட வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் திறந்தால் நானே எதிர்ப்பேன்.

நிந்தவூரான்

கேம்ஸ்டொப் பற்றி ஒருவரும் பதில் சொல்லவில்லை. அங்கே சிறிய ஆட்கள் சேர்ந்து வாங்கினார்கள், விலை ஏறியது, கைமாற்றைத் திருப்பிக் கொடுக்க ஷோர்ட்காரன் கூடிய விலைக்கு வாங்க வேண்டி வந்து நெரிந்தான். அதை ஷோர்ட் விற்ற மெல்வின் கெப்பிட்டல் என்ற முதலீட்டு நிறுவனம் ஒரே மாதத்தில் 53% இழந்தது. நாங்களும் விற்காமல் நின்றால் ஏன் நடக்காது?

களுதாவளைப் பிள்ளை

காக்கா, அங்கே நெரிப்பதற்கு ஆள் இருந்தான். முடிக்காத ஷோர்ட் அவ்வளவு பெரிதாக நின்றது, கொம்பனியும் அந்த வாரங்களில் புதுப் பங்கு விற்கவில்லை. உங்கள் கொம்பனியில் முடிக்காத ஷோர்ட் எவ்வளவு என்று நேற்று இரவு பார்த்தேன், மொத்தப் பங்கோடு பார்த்தால் கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு சிறியது. நீங்கள் வாங்க வாங்க உங்களுக்கு விற்பது வேறு யாரோ.

சீஎம்கேஎம் டயமண்ட்ஸ் என்ற கொம்பனியைத் தேடிப் பாருங்கள். இதே மாதிரிச் சுரங்கக் கதை. வைரம். கைமாற்று வாங்காமல் ஷோர்ட் விற்பவர்கள்தான் விலையைக் கெடுக்கிறார்கள் என்று பங்குதாரர்கள் உறுதியாக நம்பினார்கள். விற்காமல் நின்றார்கள், இன்னும் வாங்கினார்கள். கொம்பனி வெளியிட்டிருந்த பங்குகள் 703 பில்லியன். ஆம், பில்லியன். 2005இல் அமெரிக்க மேற்பார்வை அமைப்பு அதன் பதிவையே இரத்துச் செய்தது.

உங்கள் கொம்பனியின் காலாண்டு அறிக்கையை எடுங்கள். முதல் பக்கத்தில் மொத்தப் பங்கு எண்ணிக்கை இருக்கும். போன வருட அறிக்கையின் முதல் பக்கத்தோடு ஒப்பிடுங்கள். அப்புறம் கடன்கள் பற்றிய குறிப்பு. பங்காக மாற்றத்தக்க கடன் என்று இருந்தால், என்ன விலைக்கு மாற்றலாம் என்று எழுதியிருப்பதை இங்கே போடுங்கள்.

நிந்தவூரான்

மகனை வைத்து எடுத்தேன். பங்கு எண்ணிக்கை ஒரு வருடத்தில் பல மடங்கு கூடியிருக்கிறது. கடன் குறிப்பில் இருப்பதை மகன் சொன்னபடி எழுதுகிறேன்: கடன் கொடுத்தவர் விரும்பிய நேரத்தில் பங்காக மாற்றலாம், விலை முந்திய வர்த்தக நாட்களில் இருந்த ஆகக் குறைந்த விலையில் ஒரு கழிவு போக மிச்சம்.

இது ஷோர்ட்காரனோடு சேர்ந்த வேலைதானே? விலை குறையக் குறைய அவனுக்குப் பங்கு கூடக் கிடைக்கிறது.

வாவிக்கரை

விலை குறைந்தால் அவருக்குப் பங்கு கூடக் கிடைக்கும் என்பது சரியாகப் பிடித்தீர்கள். சந்தை விலைக்குக் குறைவாகப் பங்கு எடுக்கிறார், எடுத்த உடனே விற்கிறார், விலை விழுகிறது, அடுத்த முறை அதே கடனுக்கு இன்னும் கூடுதல் பங்கு. நீங்கள் வாங்கியபோது உங்களுக்கு விற்றது பெரும்பாலும் இவராகத்தான் இருக்கும். ஆனால் இவர் இல்லாத பங்கை விற்கவில்லை. கொம்பனியே புதிதாக வெளியிட்டுக் கையில் கொடுத்த பங்கு. அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது யார் என்று அறிக்கையின் பின் இணைப்பில் இருக்கும். குரல் பதிவில் பேசுபவர் புகழ்கிற அதே தலைவர்தான்.

இப்போது "ஒருவரும் விற்க வேண்டாம், இன்னும் வாங்குங்கள்" என்பதை மீண்டும் கேளுங்கள். கடன்காரர் விற்பதை வாங்க ஆள் வேண்டும். அந்த ஆளுக்குக் கோபம் இருந்தால் கேள்வி கேட்காமல் வாங்குவான். கோபத்தைக் காட்ட நியூயோர்க்கில் முகம் தெரியாத ஒரு எதிரி.

நிந்தவூரான்

ஷோர்ட் விற்பது ஹராம் என்பதில் நான் மாறவில்லை. ஹிண்டன்பேர்க் மாதிரி ஆட்களை நம்பவும் மாட்டேன்.

வெள்ளி இரவு சூமில் கூட்டம் வைக்கிறார்கள். இந்தக் கடன் குறிப்பை அங்கே வாசித்துக் காட்டுவேன். ஆசிரியை கேட்டதையும் கேட்பேன், உங்களுக்கு இந்தப் பங்கு என்ன விலைக்குக் கிடைத்தது என்று. மச்சான்மார் இரண்டு பேர் இந்த மாதச் சம்பளத்தில் வாங்க நிற்கிறார்கள். வெள்ளிக்கிழமை வரை பொறுக்கச் சொல்லி இப்போதுதான் தோஹாவுக்கு எடுத்துப் பேசினேன்.

களுதாவளைப் பிள்ளை

கேட்கும்போது பதிவு செய்யுங்கள் காக்கா. வாசிப்பதற்கு முன்பே அந்தப் பக்கத்தைப் படமாகக் குழுவில் போட்டுவிடுங்கள். இடையில் உங்களை வெளியேற்றினாலும் மற்றவர்கள் பார்த்திருப்பார்கள்.